பாண்டிதுரைக்கு ஒரு தொட்டில்

அத்தியாயம் 14

சாத்தூரிலிருந்து ஒரு வாசகி கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார். அம்மா பெயர் வெங்கடேஸ்வரி, மகள் பெயர் முனீஸ்வரி. அவசரத்தில் படிக்கும்போது குழம்புகிறது, உங்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்கிறார். இன்னொருவர், இந்தப் பெயர்களுக்கு உள்ளர்த்தம் ஏதாவது உண்டா, இல்லை கையில் கிடைத்த ரேஷன் கார்டைப் பார்த்து வைத்ததா என்கிறார்.

அர்த்தம் உண்டம்மா. வெங்கடேஸ்வரிக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாவது தங்கட்டும் என்று மலைக்கு மொட்டை நேர்ந்து பிறந்தவள் அவள். முனீஸ்வரி, வயல் வரப்பில் இருக்கிற முனிக்குக் கிடாய் நேர்ந்து பிறந்தவள். பெயர் வைத்தவர்கள் சாமியோடு பேசி முடித்துக்கொண்டார்கள். சுமக்கப் போகிறவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

இந்த வாரம் இராஜபாளையத்தில் அந்த வீட்டில் ஒரே ஒரு பெயரைப் பற்றித்தான் பேச்சு.

பாண்டிதுரை. முனீஸ்வரியின் அப்பா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை மில்லில் பகல் ஷிப்ட் முடித்துக் கிளம்பியவர் வீடு வந்து சேரவில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள், திருப்பூர், கோயம்புத்தூர் என்று தேடினார்கள், பிறகு தேடுவதை நிறுத்தினார்கள். பத்து நாள் முன்பு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டூவீலர் ஸ்டாண்டில் முனீஸ்வரி ஸ்கூட்டியை விட்டாள். டோக்கன் எழுதுகிற ஆள் நிமிராமலே, “பேரு?” என்று கேட்டார். “முனீஸ்வரி” என்றாள். அவர் கையில் பேனா நின்றது. போன வாரம் அந்த இடத்தில்தான் விட்டோம்.

அப்பா கேட்டுக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: வீட்டில் சொல்லாதே. அவளும் சொல்லவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் ஹரிகிருஷ்ணனின் மகனுக்கு மூன்றாம் மாதம். அண்ணி கோதை தாய்வீட்டிலிருந்து பிள்ளையோடு வந்து இரண்டு நாளாகிறது. பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் பேர் வைக்க வேண்டும்.

காலை ஆறரைக்கு முனீஸ்வரி பல் விளக்கினாள், காபி குடித்தாள், தலை பின்னிக்கொண்டாள். பத்து நாளாக இதெல்லாம் தானாக நடக்கிறது. பேண்டேஜ் கம்பெனிக்குப் போகிறாள், பாக்கெட்டில் ஒட்டிய லேபிளில் தேதி சரியா என்று பார்க்கிறாள், மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுகிறாள். அப்பாவைப் பார்த்த அன்று அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் இருக்கிற இடமே தெரியாதே, அவளுக்கு மனசு அப்படி இருந்தது.

“மடவார் வளாகம் போய் அர்ச்சனை பண்ணிட்டு வாரேன்மா. மதினி பிரசவத்துக்கு நேந்தது.”

அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “சீக்கிரம் வா. அத்தக்காரி நீதான் பேரைச் சொல்லணும்.”

அதுதான் விஷயம். அந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளைக்கு, அப்பாவைப் பெற்றவர் பெயர். அதைப் பிள்ளையின் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டியவள் அத்தை. இதெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. இவர்களுக்கு மட்டும் இன்னொரு சட்டம் இருக்கிறது: உயிரோடு இருக்கிறவர் பெயரை வைக்கக் கூடாது. வைத்தால் இரண்டு பேரில் ஒருவருக்கு ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. ஹரிகிருஷ்ணன் பிறந்தபோது அவன் தாத்தா கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார், அதனால்தான் அவனுக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஒரு பெயர் வாய்த்தது.

ஆக, இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குப் பாண்டிதுரை என்று பெயர் வைத்தால், பெரிய பாண்டிதுரை செத்துவிட்டார் என்று குடும்பமே கூடி ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பதினாறாம் நாள் வெங்கடேஸ்வரி தாலியைக் கழற்ற வேண்டும். அதற்கான வார்த்தை முனீஸ்வரியின் வாயிலிருந்து வர வேண்டும். அவர் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியும்.

ஏற்பாடு பண்ணியவர் பெரியப்பா பால்ச்சாமி. கெட்ட மனுஷர் இல்லை. முனீஸ்வரிக்கு இருபத்தேழு ஆகிறது. பெண் பார்க்க வந்த மூன்று இடமும் ஒரே கேள்வியில் நின்று போனது: பத்திரிகையில் பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால் என்ன போடுவீர்கள்? திரு என்றால் ஆளைக் காட்ட வேண்டும். காலஞ்சென்ற என்றால் காரியம் செய்திருக்க வேண்டும். “பேர் வச்சுட்டா எல்லாத்துக்கும் ஒரு முடிவு வந்துரும்லா” என்பது பெரியப்பாவின் கணக்கு. அவர் அளவில் அது நியாயம்தான்.

*

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஸ்கூட்டியில் அரைமணி நேரம். மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலில் கூட்டமில்லை. அர்ச்சனை பண்ணினாள். குருக்கள் பிள்ளையின் பெயர் கேட்டார். இன்னும் வைக்கவில்லை என்றாள். நட்சத்திரத்தை மட்டும் சொல்லி முடித்தார்.

பிறகு டூவீலர் ஸ்டாண்டுக்குப் போனாள்.

தகரக் கூரைக்குக் கீழே மர ஸ்டூலில் அப்பா இருந்தார். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வண்டி எடுக்க வந்த ஒருவர், “சமுத்திரண்ணே, அந்த பல்சரை கொஞ்சம் நகட்டுங்க” என்றார். அப்பா எழுந்து போய் நகர்த்திவிட்டு வந்தார். கூப்பிட்ட பெயருக்குத் திரும்புவதில் அவருக்குத் துளித் தடுமாற்றமும் இல்லை.

“யாருப்பா சமுத்திரம்?” என்று கேட்டாள் முனீஸ்வரி.

“வடக்க பிவண்டில ஒரு தறி ஷெட்டு. சிவகிரிக்காரன் ஒருத்தன் இருந்தான், சமுத்திரம்னு. ஊருக்குப் போனவன் திரும்பல. அவன் படுத்த எடத்துல என்னப் படுக்கச் சொன்னாக. ரிஜிஸ்டர்ல அவன் பேரு. யாரும் மாத்தல. நானும் சொல்லல.”

“எட்டு வருசமா?”

“எட்டு வருசம்.”

அவள் பக்கத்தில் கிடந்த இரும்புக் கட்டிலில் உட்கார்ந்தாள். கேட்க வேண்டியது நிறைய இருந்தது. பத்து நாளாக ராத்திரியும் பகலும் சேர்த்து வைத்ததுதான். இப்போது ஒவ்வொன்றும் வேறு யாரோ வீட்டுச் சங்கதி மாதிரி இருந்தது.

“எதுக்குப்பா போனீக?”

அவர் டோக்கன் புத்தகத்தின் ஓரத்தை நீவினார். “காரணம்னு சொல்லணும்னா ஒண்ணும் இல்ல தாயி. வீட்டுல சண்டையா, இல்ல. கடனா, இல்ல. ஷிப்ட் முடிஞ்சு ரோட்டுக்கு வந்தேன். மதுரை பஸ்ஸு நின்னுச்சு. ஏறிட்டேன். எறங்குற எடத்துல எறங்கல. மறுநா திரும்பலாம்னு இருந்தேன். மறுநா, அதுக்கு மறுநான்னு போயிருச்சு. பொறவு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வார?”

“இங்கன வந்துட்டீகல்ல. வீட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர்.”

“ஆமா. இம்புட்டுதான் வர முடிஞ்சுது.”

அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. எனக்கு, எழுதுகிறவளுக்கு, வருகிறது. அவளுக்கு வரவில்லை. அவர் சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு அண்ணன் பிள்ளைக்குப் பேர் வைக்காக.”

“பையனா?”

“பையன். ஒங்க பேரு.”

ஒரு வண்டி வந்தது. டோக்கன் கிழித்துக் கொடுத்தார். பாதியை வண்டியின் ஹேண்டிலில் சுற்றினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“நான்தான் காதுல சொல்லணும்ப்பா. உயிரோட இருக்கவுக பேரை வைக்க மாட்டோம்லா நாம. என்ன செய்யட்டும், சொல்லுங்க. இல்ல, கிளம்பி எங்கூட வாங்க. வண்டி இருக்கு.”

“வேணாம்.”

“அப்ப?”

“வச்சிருங்க.”

“அப்பா, வச்சா என்ன அர்த்தம்னு தெரியும்லா?”

“தெரியும் தாயி. அதான் வைக்கச் சொல்லுதேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவ எம்புட்டு நாளுதான் வாசலப் பாத்துக்கிட்டு இருப்பா? ஒனக்கும் ஒரு வழி பொறக்கணும். பேரு அங்கன இருக்கட்டும். நான் சமுத்திரமாவே இருந்துக்கிடுதேன்.”

அவள் எழுந்து ஸ்கூட்டியை எடுத்தாள். அவர் பின்னாலேயே நடந்து வந்தார்.

“எத்தன மணிக்கு வைக்கீக?”

“பன்னெண்டுக்குள்ள.”

“வச்ச பொறவு ஒரு போன் போட்டுச் சொல்லு. போர்டுல நம்பர் கெடக்கு. சமுத்திரம்னு கேளு, குடுப்பாக.”

நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டாள். பெயர் போட வேண்டிய இடத்தில் என்ன அடிப்பது என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். ‘ஸ்டாண்ட்’ என்று போட்டாள்.

*

வீட்டில் அவளுக்காகக் காத்திருந்தார்கள். முன்கூடமான பட்டாசலில் உத்தரத்திலிருந்து தொட்டில் தொங்கியது. அம்மாவின் கல்யாணச் சேலை. பெரியப்பா சுவரில் ஆணி அடித்து முடித்து, கையைத் தட்டிக்கொண்டு, தள்ளி நின்று பார்த்தார்.

“எப்படி இருக்கு முனீசு? ஸ்டூடியோக்காரன் நல்லா பண்ணியிருக்கான்ல?”

பாண்டிதுரையின் படம். மில் அடையாள அட்டையில் இருந்த தீப்பெட்டி அளவுப் படத்தைப் பெரிதாக்கி, கம்ப்யூட்டரில் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தார்கள். பின்னால் நீல வானம். ஆயுசில் கோட் போடாத மனுஷர், கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கீழே மேஜையில் ரோஜா மாலை தயாராக இருந்தது. பேர் வைத்து முடித்த பிறகுதான் படத்துக்கு மாலையும் பொட்டும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் வேறு நிறப் பொத்தானோடு பார்த்த முகம். முனீஸ்வரி, “நல்லா இருக்கு பெரியப்பா” என்றாள்.

கோதை அவளை உள் அறைக்குக் கூப்பிட்டாள். மடியில் பிள்ளை கைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

“முனீசு, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காத. மாமாவுக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சு?”

“அவுக தாத்தா பேரு.”

“அந்தத் தாத்தா?”

“கொழும்புக்குப் போனாராம்.”

“திரும்பி?”

“வரல.”

கோதை பிள்ளையை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். “அதத்தான் சொல்லுதேன். ரெண்டு பாண்டிதுரை. ரெண்டு பேரும் போயிட்டாக. மூணாவதா எம்புள்ளைக்கு வைக்கணுமா? நான் தனுஷ்னு யோசிச்சு வச்சிருந்தேன். ஒங்க அண்ணங்கிட்ட சொன்னா மூஞ்சத் தூக்குதாக.”

வாசல்படியில் ஹரிகிருஷ்ணன் நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான். சத்தம் போடுவான் என்று முனீஸ்வரி நினைத்தாள். அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

“ஒம்போது வருசமா இந்த வீட்டுல அந்தப் பேரை யாரும் வாய் விட்டுச் சொல்லல கோதை. சொன்னா அம்மா சாப்புட மாட்டா. திரும்பக் கேக்கணும்னு இருக்கு எனக்கு. ஒரு நாளைக்குப் பத்து வாட்டி கேக்கணும். அம்புட்டுதான்.”

கோதை பிள்ளையின் சட்டையைச் சரி செய்தாள்.

ஒரே பெயர். பெரியப்பாவுக்கு அது ஒரு முடிவு. கோதைக்கு அது பயம். அண்ணனுக்கு ஆசை. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கழற்றிப் போட்ட சட்டை. மூன்று மாதக் குழந்தை எத்தனை கிலோ தாங்கும் என்று யாராவது யோசிக்க வேண்டாமா?

*

மணி பதினொன்றேகால். முனீஸ்வரி அடுப்படிக்குப் போனாள். அம்மா சீனித்தண்ணி கரைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு போகட்டும். உயிரோடு இருக்கிற ஆளுக்காக அம்மாவின் கழுத்தை வெறுமையாக்க முடியாது.

“அம்மா, இன்னைக்குப் பேரு வேண்டாம். தள்ளி வைப்போம்.”

“எதுக்கு?”

“எனக்கு ஒண்ணு தெரியும்மா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல...”

“டூவீலர் ஸ்டாண்டு” என்றாள் வெங்கடேஸ்வரி.

கரண்டி டம்ளரில் சுற்றிக்கொண்டே இருந்தது. முனீஸ்வரி அம்மாவின் கையைப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

“ஒனக்கு எப்படி...”

“ஆறு மாசமாத் தெரியும். மில்லுல அவிய கூட வேல பாத்த பிச்சை முகம்மது அண்ணன் பாத்துட்டு வந்து சொன்னாரு. நான் மறுநாளே டவுன் பஸ் ஏறிப் போனேன். எதுத்தாப்புல பழக்கடை. அங்கன நின்னு பாத்தேன்.”

“போயிப் பேசலையா?”

“பேசத்தான் போனேன். புதுச் சேல கட்டிட்டுப் போனேன்.” அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். “அவிய டீ குடிச்சிக்கிட்டு இருந்தாக. கூட ரெண்டு பேரு. யாரோ என்னமோ சொன்னாக. அவிய சிரிச்சாக. தலைய பின்னால சாச்சு, வாய் விட்டு. நம்ம வீட்டுல அப்படி ஒரு தடவ அவிய சிரிச்சு நான் பாத்ததில்ல முனீசு. இருவது வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன்.”

“அம்மா...”

“செத்த நேரம் நின்னேன். ரெண்டு ஆரஞ்சு வாங்கினேன். வந்துட்டேன்.”

அந்த ஆரஞ்சை முனீஸ்வரியும் சாப்பிட்டிருக்கிறாள். யார் வாங்கி வந்தது என்று கேட்கக்கூட இல்லை. இப்போது அதை நினைத்தபோதும் கண் காய்ந்தே கிடந்தது. எதற்கும் கலங்காத கண்ணாக ஆகிவிட்டதோ என்று முதல் தடவையாகப் பயந்தாள்.

“அப்ப தாலி?”

“கழட்டுனா கழுத்துல கனம் கொறையும். அம்புட்டுதான்.”

“உயிரோட இருக்காகம்மா.”

“எனக்கு இல்ல.” அம்மா சீனித்தண்ணிக் கிண்ணத்தை அவள் கையில் வைத்தாள். “செத்துப் போனாகன்னா அழுது தீத்துருப்பேன். வந்தாகன்னா வஞ்சு தீத்துருப்பேன். ரெண்டும் இல்லாம ஒம்போது வருசம் தொண்டையில கெடக்கு. நீ போய் பேரைச் சொல்லு. கணீர்னு சொல்லணும்.”

பெரியம்மா முத்துப்பேச்சி பட்டாசலிலிருந்து கூப்பிட்டாள். “ஏட்டி முனீசு, நேரம் ஆவுதுல்லா? வா.”

*

முப்பது பேர் இருந்தார்கள். பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்கள். முனீஸ்வரி கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். சீனித்தண்ணியில் விரலைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். அது சப்புக் கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள்.

வெற்றிலையை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு குனிந்தாள். பிள்ளையின் காது வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு நிமிஷம் தனுஷ் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ஒரு நிமிஷம் எதுவுமே சொல்லாமல் எழுந்துவிடலாமா என்று தோன்றியது. நிமிர்ந்து பார்த்தாள். கோதை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தலை குனிந்திருந்தான். அடுப்படி நிலையில் சாய்ந்து அம்மா நின்றாள். அம்மா மட்டும் நேராக அவளையே பார்த்தாள், தலையை ஒரு தடவை அசைத்தாள்.

“பாண்டிதுரை.”

பெரியப்பா கண்ணைத் துடைத்தார்.

“பாண்டிதுரை.”

“பாண்டிதுரை.”

யாரோ குலவை போட்டார்கள். பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். முனீஸ்வரி எழுந்தாள். அப்பாவை மூன்று தடவை கொன்றுவிட்டு வந்த மாதிரி இருக்கும் என்று காலையிலிருந்து நினைத்திருந்தாள். அப்படியும் இல்லை. லேபிளில் தேதி பார்த்துக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. அதுதான் அவளைக் கலக்கியது.

பேர் வைத்ததும் சொந்தக்காரர்கள் வரிசையாகத் தொட்டில் பக்கம் போய், ஆளுக்கு ஒரு தடவை பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெரியப்பா முதலில் கூப்பிட்டார். அடுத்து அண்ணன். அவன் குரல் பாதியில் உடைந்தது. மறுபடி கூப்பிட்டான். மறுபடியும்.

முனீஸ்வரி போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ‘ஸ்டாண்ட்’ நம்பரை அழுத்தினாள்.

“யாரு?” என்றார் ஸ்டாண்டு முதலாளி பாரூக்.

“சமுத்திரம் இருக்காகளா?”

“சமுத்திரண்ணே, ஒனக்குத்தான். பொம்பளப் புள்ள குரலு.”

யாரோ போனைத் துண்டில் துடைத்து வாங்குகிற சத்தம். பிறகு அப்பாவின் மூச்சு.

“வச்சாச்சுப்பா.”

“ம்.”

“மூணு தடவ சொன்னேன்.”

“புள்ள அழுதானா?”

“இல்ல. சப்புக் கொட்டுனான்.”

அவர் லேசாகச் சிரித்தார் போலிருந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. வைத்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். சொல்வதற்கு வேறு இல்லை.

உள்ளே பட்டாசலில் பெரியம்மா அம்மாவிடம் சொல்வது கேட்டது. “வெங்கடேஸ்வரி, நீ கூப்புட வேண்டாம். புருஷன் பேருல்லா, நீ சொல்லப்படாது. அய்யான்னு கூப்புடு, போதும்.”

முனீஸ்வரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அம்மா தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அம்மா அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகனைக் காட்டுவாள். போலீஸ் ஸ்டேஷனில் காணாமல் போனவர் பெயர் என்ன என்று கேட்டபோது, பெரியப்பாதான் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா வாயைத் திறந்தாள்.

“ஏலே பாண்டிதுரை!”

வீடு முழுக்கக் கேட்டது. தெருவுக்கும் கேட்டிருக்கும். தொட்டிலில் கிடந்த பிள்ளையைக் கூப்பிடுகிற சத்தமாக அது இல்லை. ஒன்பது வருஷம் தொண்டையில் கிடந்தது அத்தனையும் வெளியே வந்திருந்தது. பிள்ளை பயந்து வீரிட்டு அழுதது.

“இந்தா வாரேன்” என்றது போன்.

வெடுக்கென்று வந்த பதில். யோசிக்காமல், வீட்டுக்குள் எந்த மூலையிலிருந்தோ குரல் கொடுக்கிற மாதிரி. பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். மூச்சு நின்றது.

“அப்பா?”

போனை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. இணைப்பு துண்டிக்கப்படவில்லை. வண்டிச் சத்தம், யாரோ பாட்டுப் போடுகிற சத்தம், எல்லாம் கேட்டது. அவர் மட்டும் இல்லை.

முனீஸ்வரி போனைக் காதோடு அழுத்தினாள். கன்னத்தில் என்னவோ ஊர்கிறது என்று தொட்டுப் பார்த்தாள், ஈரம். பத்து நாளில் முதல் தடவை.

“அப்பா! அப்பா!”

வேறு யாரோ போனை எடுத்தார்கள். பாரூக்தான்.

“அவரு இல்லம்மா. சாவிக்கொத்த இங்கன போட்டுட்டு ரோட்டுக்கு ஓடுனாரு. செருப்பு கூட போடல. என்ன தாக்கல் சொன்னீக அவருட்ட?”

“எங்க போனாக?”

“பஸ் ஏறிட்டாரு.”

“எந்தப் பக்கம் போற பஸ்ஸுண்ணே? இராஜபாளையம் பஸ்ஸா, மதுரை பஸ்ஸா?”

“ரெண்டு பஸ்ஸும் ஒண்ணா நின்னு ஒண்ணா கெளம்புச்சேம்மா” என்றார் பாரூக். “எதுல ஏறுனாருன்னு நான் பாக்கல.”

உள்ளே பெரியப்பா ஸ்டூலில் ஏறி நின்று, படத்துக்குப் போட மாலையை எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.